இல்லத்தில் வளரும் பிள்ளைகளின் மனக்காயம்: வாரம் ஒரு மணி நேர ஆற்றுப்படுத்தல் போதுமா?

காரைக்குடி இல்லத்தாய்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி வட்டாரத்தில் பெண் பிள்ளைகளுக்கான ஓர் இல்லத்தில் இல்லத்தாயாகப் பணிபுரிகிறேன். பிள்ளைகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதால், ஊரையும் சில விவரங்களையும் வேண்டுமென்றே மாற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் இல்லத்துக்கு வாரம் ஒரு நாள் ஆற்றுப்படுத்துநர் (மனநல ஆலோசகர்) வருகிறார். அவரோடு இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் வரைகிறார்கள், அழுகிறார்கள், சில சமயம் மனம்விட்டுப் பேசவும் செய்கிறார்கள். அவர் புறப்பட்டுப் போன பிறகு அந்த வாரத்தின் மீதி நேரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளோடு இருப்பது நானும், சமையல் செய்யும் அம்மாவும், இரவுக் காவலரும்தான். அடிக்கப்பட்டும், கைவிடப்பட்டும், சொல்லத் தகாத துன்பங்களுக்கு ஆளாகியும் வந்த பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும் என்று எங்கள் மூவருக்கும் யாரும் முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை.

ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டில் எந்தக் குறையும் இல்லை, கேட்டால் மறுபடியும் வைப்போம். ஆனாலும் அவள் காலையில் இரண்டு இட்லியைத் தாவணித் தலைப்பில் முடிந்து கொண்டுபோய்த் தன் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுகிறாள். எறும்பு வந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னபோது அவள் அழவுமில்லை, மறுக்கவுமில்லை. நான் பேசுவதே காதில் விழாதவள் போலச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். உடன் இருந்த பணியாளர் அதைத் திமிர் என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் வேறு என்னவென்று விளக்கவும் தெரியவில்லை.

இன்னொன்று, இல்லம் நடப்பது நன்கொடையாகக் கிடைத்த பழைய செட்டிநாட்டு வீட்டில். முகப்பு, வளவு எனப்படும் உள்முற்றம், இரண்டாங்கட்டு என்று நீளும் வீடு. இரவு முகப்புக் கதவைச் சாத்தி இரும்புத் தாழ்ப்பாளைப் போடும் சத்தம் வீடு முழுவதும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு இரண்டு மூன்று பிள்ளைகள் வெகுநேரம் தூங்குவதில்லை. ஆற்றுப்படுத்தும் நேரம் அவர்களுடையது. இந்த இட்டிலிக்கும் தாழ்ப்பாளுக்கும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்

சகோதரிக்கு வணக்கம். மாணவர் விடுதிகளில் என் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் அக்கறை மதிக்கத்தக்கது. ஆனால் ஓர் இல்லத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது பேருக்கும் ஒரே விதிதான் இருக்க முடியும். ஒரு பிள்ளை உணவைப் பதுக்குவதை விட்டுவிட்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் பதுக்குவார்கள். கடந்த காலத்தில் துன்பப்பட்டார்கள் என்பதற்காக இன்று ஒழுங்கைத் தளர்த்தினால், நாளை வெளியுலகில் அவர்களை யார் பொறுத்துக்கொள்வார்கள்? கண்டிப்பும் அன்பின் ஒரு வடிவம்தான் என்பதை நான் இன்றும் நம்புகிறேன்.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

இல்லத்தாய் அம்மா கேட்டிருப்பது எங்கள் பயிற்சி வகுப்புகளிலேயே அதிகம் பேசப்படாத கேள்வி. சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

முதலில் அந்தச் சுவரைப் பார்த்த பார்வை. ஆபத்து என்று உடல் உணரும்போது மனிதர் எதிர்த்து நிற்கலாம், ஓடலாம், அல்லது உறைந்துபோகலாம். சண்டையிட வலுவில்லாத, ஓட இடமில்லாத சிறு பிள்ளைக்கு மிஞ்சுவது உறைந்துபோவதுதான். பல முறை அப்படித் தப்பித்த பிள்ளையின் மூளை, குரல் சற்று உயர்ந்தாலே அந்த வழிக்குப் போய்விடும். மூளையில் அமிக்டலா என்ற பகுதி அபாய அறிவிப்பைக் கொடுத்துவிட்டால், யோசித்துப் பதில் சொல்ல உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அந்த நேரத்துக்குப் பின்வாங்கிவிடுகிறது. அப்போது "ஏன் செய்தாய்?" என்று கேட்டால் பதில் வராது, அவளிடம் அந்த நேரத்தில் பதிலே இருப்பதில்லை. கேள்வியை மாலைக்கு ஒத்திவையுங்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது தணிந்த குரல், சற்றுத் தள்ளி நிற்றல், "நீ இங்கே இருக்கிறாய், நான் கோபமாக இல்லை" என்ற இரண்டு வாக்கியங்கள்.

உணவைப் பதுக்குவது பட்டினி கிடந்த பிள்ளைகளிடமும், யார் எப்போது உணவு தருவார்கள் என்று நிச்சயமில்லாமல் வளர்ந்த பிள்ளைகளிடமும் பரவலாகக் காணப்படுவது. அதைத் திருட்டு என்று பெயரிட்டுப் பறிமுதல் செய்தால், "உணவு எப்போது வேண்டுமானாலும் போய்விடும்" என்று அவள் முன்பே கற்றிருந்த பாடத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். ஒரு மூடி போட்ட டப்பாவை அவள் கையில் கொடுங்கள். அதில் பொரிகடலையோ கடலை மிட்டாயோ சீடையோ இருக்கட்டும். அது அவளுடையது, தீர்ந்தால் நிரப்பப்படும், யாரும் சோதனை போட மாட்டார்கள். நிரப்பும் நாளும் நேரமும் மாறவே கூடாது. காப்பாளர் ஐயாவின் கவலையும் நியாயமானது. எனவே விரும்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் டப்பா கொடுங்கள், அப்போது விதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கும்.

ஐயா சொன்ன ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். மனக்காயம் பட்ட பிள்ளைக்கு ஒழுங்கு மற்றவர்களைவிட அதிகமாகத் தேவை. நாளை என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. அவளை முறிப்பது விதி அன்று. விதியோடு சேர்ந்து வரும் அவமானமும், ஆளுக்கு ஆள் மாறும் தண்டனையும்தான். முட்டி போடவைப்பது, பட்டினி போடுவது, எல்லோர் முன்னும் நிற்கவைத்துப் பேசுவது ஆகியவற்றுக்கு இல்லத்தில் இடமில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 82ஆம் பிரிவில், பராமரிப்பு நிறுவனத்தில் உடல்ரீதியான தண்டனை அளிப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். மீண்டும் செய்தால் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

இவை நல்லெண்ணம் சார்ந்த கருத்துகள் மட்டும் அல்ல. 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய மருத்துவர்கள் அமெரிக்காவில் பல்லாயிரம் பேரிடம் நடத்திய ஆய்வு வெளியானது. சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளின் வகைகள் கூடக் கூட, நடுவயதில் மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, இதயநோய் ஆகியவற்றின் வாய்ப்பும் படிப்படியாகக் கூடுவதை அது காட்டியது. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் அனாதை இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. அவர்களில் பாதிப் பேர் நல்ல வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்பட்டார்கள்; ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் மாற்றப்பட்டவர்களிடம், ஒட்டுறவு (வளர்ப்பவரோடு உண்டாகும் பிணைப்பு) போன்ற பல அம்சங்களில் தெளிவான முன்னேற்றம் இருந்தது. அங்கே மாறியது முக்கியமாக ஒன்றுதான்: நாள் முழுவதும் அதே முகம் பக்கத்தில் இருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில்: வாரம் ஒரு மணி நேரம் போதாது. என் ஒரு மணி நேரம் பயன் தர வேண்டுமானால், அது உங்கள் மீதி நேரத்தின் மேல்தான் நிற்க முடியும்.

காரைக்குடி இல்லத்தாய்

மிக்க நன்றி. டப்பா யோசனையைச் சமையல் அம்மாவிடம் சொன்னேன். அவரே பழைய பிஸ்கட் டின்களைத் தேடி எடுத்து வந்து கழுவி வைத்துவிட்டார். தாழ்ப்பாளைப் பற்றியும் இரவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

கதவைச் சாத்தாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தச் சத்தம் எதிர்பாராமல் வருவதைத் தடுக்கலாம். தினமும் ஒரே நேரத்தில், "கதவைச் சாத்தப் போகிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுச் சாத்துங்கள். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, கொண்டியில் ரப்பர் வைத்துச் சத்தத்தைக் குறையுங்கள். விருப்பமுள்ள பிள்ளை உங்களோடு வந்து பார்க்கட்டும். சாவி இரவில் யாரிடம் இருக்கிறது, தீ விபத்து என்றால் எந்த வழி என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பூட்டிய கதவு தன்னை அடைப்பதற்கா, வெளியாளைத் தடுப்பதற்கா என்பதை அவள் தன் உடலால் உணர வேண்டும். விளக்கம் சொல்வதால் மட்டும் அது வராது.

படுக்கும் பகுதியில் மங்கலான விளக்கு எரியட்டும். கழிப்பறைக்குப் போகும் வழி இருட்டாக இருக்கக் கூடாது. பல பிள்ளைகள் படுக்கையை நனைப்பதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம். நனைத்தால் பேச்சில்லாமல் மாற்றுத்துணி கொடுங்கள். காலையில் போர்வையை இழுத்தோ தோளைத் தொட்டோ எழுப்ப வேண்டாம். காலடிப் பக்கம் தள்ளி நின்று பெயர் சொல்லி அழையுங்கள். தூக்கத்தில் தொடப்பட்டதுதான் சில பிள்ளைகளின் காயமே.

பழைய வீடு என்கிறீர்கள். வளவில் ஆத்தங்குடித் தரைக்கல் பாவியிருந்தால் அது பெரிய உதவி. பதற்றம் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த தரையில் பாதத்தை அழுத்தி நிற்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை, தொட முடிந்த நான்கை, கேட்கும் மூன்று சத்தங்களைச் சொல்லச் சொல்லுங்கள். மனம் பழைய இடத்திலிருந்து இன்றைய இடத்துக்குத் திரும்ப இது துணைசெய்யும். இதைப் பதற்றம் இல்லாத நேரத்திலேயே விளையாட்டாகப் பழக்கிவிட வேண்டும். கும்மி, கோலாட்டம், கயிறு தாண்டுதல் போன்று சீரான தாளத்தோடு உடல் அசையும் எதுவும் நல்லது. பேச வராத பிள்ளைகளுக்குப் பேச்சைவிட நல்லது.

கோட்டையூர் செவிலியர்

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். தூங்காத பிள்ளைகளுக்கு யாராவது பரிந்துரைத்தார்கள் என்று தூக்க மாத்திரை கொடுக்கும் பழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், கொடும் நிகழ்வுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் குழந்தைகளின் தூக்கமின்மைக்கு பென்சோடையசெபின் என்ற வகைத் தூக்க மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. மனநல மருத்துவர் நேரில் பார்த்து எழுதாத எந்த மருந்தும் வேண்டாம்.

கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளை வந்தால், காயத்தைக் கழுவி மருந்திடும்போது முகத்தில் அதிர்ச்சியோ கோபமோ காட்டாதீர்கள்; ஆனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்" என்பதே உண்மையான வாக்கு. பாலியல் கொடுமை பற்றிப் பிள்ளை புதிதாக ஏதும் சொன்னால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி தகவல் அளிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகிய இரண்டையும் பணியாளர் அறையில் எழுதி ஒட்டிவையுங்கள்.

முன்னாள் இல்லவாசி

நான் இல்லத்தில் வளர்ந்தவன். பெயரும் ஊரும் வேண்டாம்.

நான் இருந்த காலத்தில் ஆற்றுப்படுத்துநர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரும் நல்லவர்தான், ஆனால் ஒவ்வொருவரும் கதையை முதலிலிருந்து கேட்டார்கள். அதற்கு முன்பே காவல் நிலையத்தில், மருத்துவமனையில், குழந்தைகள் நலக் குழுவில் சொல்லியிருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தக் கதை யாருக்கோ நடந்தது போல ஒப்பிக்கப் பழகிவிட்டேன். எழுதி வைத்ததைப் படித்துவிட்டு வாருங்கள் என்பதே நான் வைக்கும் வேண்டுகோள்.

என்னை நிறுத்தி வைத்தவர் சமையல் செய்த அம்மாள். அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. பள்ளிவிட்டு வந்தால் தேங்காய் துருவச் சொல்வார், அல்லது குழிப்பணியாரம் திருப்பிப்போடச் சொல்வார். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் நானாகவே சில விஷயங்களைப் பேசியிருக்கிறேன். அவர் துருவிக்கொண்டே கேட்பார், முகத்தைப் பார்க்க மாட்டார்; அதனால்தான் பேச முடிந்தது.

அடியைவிட என்னைப் பயமுறுத்தியது ஒரு வாக்கியம்: "இப்படியே செய்தால் வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுவோம்." தயவுசெய்து எந்தப் பணியாளரும் கோபத்திலும் அதைச் சொல்லாதீர்கள். பொங்கல், தீபாவளி விடுமுறையில் மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது போக இடமில்லாத பிள்ளைகளுக்கு அந்த நாள்களில் என்ன திட்டம் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். வெடிச்சத்தம் தாங்காத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை வேடிக்கை பார்க்க இழுக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் ஐயா திதிக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்தநாளுக்கும் இல்லங்களில் சாப்பாடு போடுவது வழக்கம். போகும்போது பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வாழ்த்துப் பாடச் சொல்கிறார்கள், நாங்களும் படம் எடுத்துக்கொள்கிறோம். அது அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்தால் நல்லது என்று மனம் நோகும் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

முன்னாள் இல்லவாசி

ஆச்சி, நீங்கள் கேட்டதே பெரிது. சாப்பாடு எங்களுக்குப் பிடிக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். பாடச் சொல்வதும், "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்பதும்தான் வேண்டாம். யாருடைய பேரனுக்கோ பிறந்தநாள் பாடும் பிள்ளைக்குத் தன் பிறந்தநாள் எதுவென்றே தெரியாமல் இருக்கலாம்.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

ஆச்சிக்கு வணக்கம். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வெளியிடுவது சட்டப்படியும் தவறு. பெயர், முகவரி, பள்ளி என்று அடையாளம் காட்டக்கூடிய எதையும் ஊடகங்களில் வெளியிட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடைவிதிக்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். படத்தைக் குடும்பக் குழுவில் மட்டும்தான் போட்டோம் என்றாலும் அது எங்கெங்கு போகும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் கேள்விக்கு என் விருப்பத்தைச் சொல்லலாம் என்றால், விருந்துச் செலவில் ஒரு பகுதியைப் பணியாளர் ஊதியத்துக்குக் கொடுங்கள் என்பேன். அரிசிக்கும் புடவைக்கும் நன்கொடை எளிதில் வருகிறது. இரவுப் பணிக்கு இன்னோர் இல்லத்தாயை வைக்கப் பணம் வருவதில்லை. சம்பளம் போதாமல் பணியாளர் வேறு வேலைக்குப் போகும்போதெல்லாம், அந்தப் பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை கைவிடப்படுகிறார்கள். நகரத்தார் குடும்பங்கள் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுப்பிய ஊர் இது. ஒருவரை ஐந்து ஆண்டு அதே பணியில் நிலைக்கவைக்கும் அறக்கட்டளை இங்கே சாத்தியமில்லாதது அல்ல.

புதுவயல் ஆசிரியை

பள்ளியின் பக்கமிருந்து ஒரு கேள்வி. இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகளின் பின்னணியை வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் ஆசிரியர் அறையில் அது பேச்சாகிவிடுகிறது. சொல்லாவிட்டால் கவனம் சிதறும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம்.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

அம்மா, என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தேவையில்லை; எது உதவும் என்பது தேவை. "இவளைக் கதவு தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள், பின்னாலிருந்து தொடாதீர்கள், தண்ணீர் குடிக்க எழுந்துபோக அனுமதியுங்கள்" என்ற மூன்று வரிகளை இல்லம் உங்களுக்கு எழுதித் தந்தால் போதும்.

தேவகோட்டை ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்

இவற்றில் பலவற்றை நான் ஏற்கிறேன். அவமானப்படுத்தாத கண்டிப்பு என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இன்னும் தெளிவு வேண்டும். ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையை அடித்துக் காயப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்த பிள்ளையின் கடந்த காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அடிபட்ட பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? அதுவும் இல்லத்துப் பிள்ளைதானே, அதற்கும் காயம் இருக்கிறதே.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

ஐயா, இந்த உரையாடலிலேயே மிகக் கடினமான கேள்வி இது. அடிபட்ட பிள்ளையிடம்தான் முதலில் போக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இருவரையும் பிரித்து வைக்க வேண்டும். ஆனால் அடித்த பிள்ளையை அறையில் பூட்டித் தனிமைப்படுத்தக் கூடாது, ஒரு பெரியவர் உடன் இருக்க வேண்டும். இருவரும் தணிந்த பிறகு, அன்றே அல்லது மறுநாள், செய்ததற்கு ஈடாக அடித்த பிள்ளை என்ன செய்யலாம் என்று பேசி முடிவுசெய்ய வேண்டும். கடந்த காலம் அந்தச் செயலை விளக்கும், அனுமதிக்காது. இளைஞர் நீதிச் சட்டத்தின் விதிகளின்படி 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்ற வயதுப் பிரிவுகளில் பிள்ளைகளின் குழுக்கள் இருக்க வேண்டும். அடிதடி போன்றவற்றுக்கான இல்லத்து விதிகளை அந்தக் குழுக்களில் அவர்களே விவாதித்து எழுதினால் அவர்களே காப்பாற்றுவார்கள். பணியாளர் எண்ணிக்கை குறைவாக உள்ள இல்லத்தில் இவ்வளவும் நடக்குமா என்று நீங்கள் கேட்டால், நடப்பது கடினம் என்றுதான் சொல்வேன்.

தேவகோட்டை ஓய்வுபெற்ற விடுதிக் காப்பாளர்

அதைத்தான் சொல்ல வந்தேன். ஆள் போதாத இடத்தில் நல்ல முறைகளை மட்டும் இறக்கினால் பழி இல்லத்தாயின் தலையில்தான் விழும். ஆச்சி போன்றவர்கள் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

காரைக்குடி இல்லத்தாய்

ஐயா சொன்னது என் மனத்தில் இருந்த சொல். இரவு ஒரு பிள்ளை அலறி எழுந்து, அவளை அமர்த்திவிட்டு நான் படுத்தால் எனக்கும் தூக்கம் வருவதில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய பயமும் கூடிவிட்டது. இதற்கும் வழி இருக்கிறதா? கடைசியாக இன்னொன்று: எங்கள் மூத்த பிள்ளைக்கு விரைவில் 18 வயது முடிகிறது. இப்போதெல்லாம் அவள் சின்ன விஷயத்துக்கும் சண்டை பிடிக்கிறாள்.

ஆற்றுப்படுத்துநர், சிவகங்கை மாவட்டம்

அம்மா, துன்பத்தைக் கேட்பவருக்கும் அந்தத் துன்பம் ஒட்டும். இது இந்தப் பணியின் இயல்பு. மாதம் இருமுறையாவது பணியாளர்கள் மட்டும் உட்கார்ந்து பேச ஒரு நேரம் ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்துமூலம் கேளுங்கள். ஆற்றுப்படுத்துநர் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் நேரத்தோடு உங்களுக்கும் அரைமணி ஒதுக்க வேண்டும். அலறல் நடந்த இரவுக்கு மறுநாள் காலை உங்களை விடுவிக்க ஆள் இருக்க வேண்டும்.

மூத்த பிள்ளை பிடிக்கும் சண்டை, பெரும்பாலும், தன்னை அனுப்புவதற்கு முன் தானே உறவை முறித்துக்கொள்ளும் முயற்சியாக இருக்கும். அவளிடம் தேதியை மறைக்காதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவர்களுக்கு, சமூகத்தோடு இணைந்து வாழ நிதி உதவி அளிக்க வழிசெய்கிறது; பிற்காப்பு, அதாவது இல்லத்தை விட்ட பிறகும் தொடரும் ஆதரவு, 21 வயது வரையும், சிறப்புச் சூழலில் 23 வயது வரையும் கிடைக்கக்கூடும். இப்போதே அவளை அருகில் வைத்துக்கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு விண்ணப்பம் எழுதுங்கள். அவளுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் தங்குமிடம், படிப்பு, வங்கிக் கணக்கு, சான்றிதழ்கள் ஆகியவற்றோடு, வெளியேறிய பிறகு வாரம் ஒருமுறை அவளோடு தொலைபேசியில் பேசப்போவது யார் என்பதையும் பெயரோடு எழுதுங்கள். அந்தப் பெயரை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

காரைக்குடி இல்லத்தாய்

கேட்டேன். சமையல் அம்மாவின் பெயரைச் சொன்னாள். விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை நானும் அவளும் சேர்ந்து கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.